பகிர்ந்தால் குறையாத கடமை

தீயைத் தொட்டால் சுடும் என்பதைத் தவழும் குழந்தையும் ஒருமுறை பட்டபின் அறிந்துகொள்கிறது. வெள்ளம் இரைச்சலிட்டு வருகிறது, பாம்பு சீறுகிறது, உயரத்தின் விளிம்பில் நிற்பவனுக்குக் கால் தானே கூசுகிறது. இயற்கையின் இடர்கள் பெரும்பாலும் தம் வருகையை முன்னரே அறிவித்துவிடுகின்றன. மின்சாரமோ இவ்வழக்கத்துக்கு மாறானது. மின்சாரம் பாயும் கம்பிக்கும் பாயாத கம்பிக்கும் பார்வையில் வேறுபாடில்லை. நிறமில்லை, மணமில்லை, ஓசையில்லை. தொட்ட பிறகே தெரிகிறது. தெரிந்தபின் கையை விலக்கிக்கொள்ளும் வாய்ப்பும் எல்லார்க்கும் கிடைப்பதில்லை.

எனவேதான் சிங்கப்பூரின் துணை மின்நிலையக் கதவுகளில் நான்கு மொழிகளில் எச்சரிக்கை பொறிக்கப்பட்டிருக்கிறது. 'அபாயம்' என்னும் தமிழ்ச் சொல்லும் அவற்றுள் ஒன்று. கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லால் தெரிவிக்கும் முயற்சி அது. ஆனால், கட்டுமானத் தளத்தின் சேற்றில் கிடக்கும் கம்பியில் எந்தச் சொல்லும் எழுதப்பட்டிருப்பதில்லை. அதை எடுக்கும் தொழிலாளி, தாம் முன்பின் கண்டிராத பலருடைய கவனத்தை நம்பியே எடுக்கிறார். அந்நம்பிக்கைக்கு யார் பொறுப்பு? பலர் பொறுப்பாக இருக்கும் ஓரிடத்தில் ஒருவரது பொறுப்பு எவ்வளவு? சட்ட நூல்களுக்கும் அற நூல்களுக்கும் பொதுவான வினா இது.

கண்ணுக்குத் தெரியாத இடர்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வீடுகளுக்கும் வேலையிடங்களுக்கும் வழங்கப்படும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். வியர்வையாலும் மழையாலும் நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். அந்நிலையில் உடலின் வழியே பாயக்கூடிய மின்னோட்டம் 230 மில்லியாம்பியர். ஏறத்தாழ 10 மில்லியாம்பியரைக் கடக்கும்போதே கைத்தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமற் போகலாம். அதனினும் சில மடங்கு மிகுந்தால் மூச்சுத் தடைபடும். இதயம் தன் ஒழுங்கான துடிப்பை இழக்கும். 9 வாட் விளக்கு ஒன்று எரிவதற்கு ஏறத்தாழ 40 மில்லியாம்பியர் போதும். ஒரு சிறு விளக்கை ஏற்றும் அளவு மின்சாரமே ஓர் உயிர்விளக்கை அணைக்க வல்லது.

வீட்டில் கம்பிகள் சுவருக்குள் அடங்கிக் கிடக்கின்றன. கட்டுமானத் தளத்திலோ அனைத்தும் தற்காலிகம். இன்று இங்கிருக்கும் மின்பெட்டி நாளை மூன்றாம் மாடிக்குப் போகும். கம்பியின் மேல் லாரி ஏறும். இரும்புக்கம்பியின் கூரிய முனை அதன் உறையைக் கிழிக்கும். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் சிங்கப்பூரில் ஈரம் அன்றாடத் துணை.

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டில் வேலையிட விபத்துகளில் 43 பேர் உயிரிழந்தனர். இத்தகைய மரணங்களுக்கு வாகன விபத்துகளும் உயரத்திலிருந்து விழுதலுமே முதன்மையான காரணங்கள். அவற்றை நோக்க மின்னதிர்ச்சியால் நேரும் இறப்புகள் குறைவே. எனினும், கடமை என்பதன் இயல்பை ஆராய்வதற்கு மின்சாரத்தைக் காட்டிலும் தக்க உரைகல் இல்லை. கண்ணுக்குத் தெரியும் பள்ளத்திலிருந்து ஒருவர் ஓரளவு தம்மைத் தாமே காத்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்திலிருந்து அவரைக் காக்க வேண்டியவர்கள் பிறரே.

ஆறு கைகள்

கற்பனையாக ஒரு நிகழ்ச்சியைக் கருதிப் பார்க்கலாம். ஒரு தளத்தில் மின்கம்பியின் மேலுறை லாரிச் சக்கரத்தில் நசுங்கிக் கிழிந்துவிடுகிறது. மேற்பார்வையாளர் அதைக் காண்கிறார். நாளை மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணி ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டுப் போகிறார். மின்பணியாளர் அதனைப் பதிவேட்டில் எழுதுகிறார்; எழுதியதோடு தம் பணி முடிந்ததாகக் கருதுகிறார். கிடங்குப் பொறுப்பாளரிடம் புதிய கம்பி இருப்பில் இல்லை. திட்ட மேலாளர், மேல்தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றும் நாள் நெருங்கிவிட்டதால், கம்பி வாங்கும் தாளை அடுத்த வாரத்துக்கு ஒதுக்கிவைக்கிறார். பாதுகாப்பு அதிகாரி அன்று வேறொரு மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லா மாடிகளுக்கும் சேர்த்துக் கையொப்பமிடுகிறார்.

ஆறாமவர் பக்கத்துக் குழுவைச் சேர்ந்தவர். மின்பெட்டியில் உள்ள மின்கசிவுத் துண்டிப்பான் அன்று அடிக்கடி விழுந்து வேலையைத் தடுக்கிறது. அக்கருவி, போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, 30 மில்லியாம்பியர் அளவு வேறுபட்டாலும் நொடிக்கும் குறைந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடும். அது பழுதுபட்டு விழவில்லை. எங்கோ கசிகிறது என்று சொல்வதற்காகவே விழுகிறது. ஆனால் அவருக்கு அது தொல்லையாகத் தோன்றுகிறது. ஒரு துண்டுக் கம்பியால் அதைச் சுற்றி வழி அமைத்துவிடுகிறார். வேலை தடையின்றி நடக்கிறது.

பிற்பகலில் மழை பெய்து ஓய்கிறது. தொழிலாளி ஒருவர் துளையிடும் கருவியை எடுக்கிறார்.

அவரைக் கொன்றது யார்? ஆறு பேரும் கொலைகாரர் அல்லர். ஒருவர் மனத்திலும் தீய எண்ணம் இல்லை. ஒவ்வொருவரும் மற்ற ஐவரைச் சுட்டி, 'அவர் தம் கடமையைச் செய்திருந்தால் இது நிகழ்ந்திருக்காதே' என்று உண்மையாகவே சொல்ல முடியும். இங்கேதான் மனித மனம் ஒரு பிழையான கணக்கைப் போடுகிறது. பொறுப்பு ஒன்று, பொறுப்பாளர் அறுவர். ஆகவே ஒருவருக்கு ஆறில் ஒரு பங்கு என்பதே அக்கணக்கு. பழியைப் பங்கிட்டால் ஒவ்வொருவர் பங்கும் சுமக்கக்கூடிய அளவுக்குச் சிறுத்துவிடும். இறந்தவரின் இறப்போ பங்கிடப்படுவதில்லை. அஃது அவருடைய குடும்பத்தார்மீது முழுமையாகவே வந்து விழுகிறது.

சட்டம் சொல்லும் விடை

சிங்கப்பூரில் நெடுங்காலம் தொழிற்சாலைகள் சட்டமே கட்டுமானத் தளங்களின் பாதுகாப்பையும் ஆண்டு வந்தது. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், வட்டப் பாதை ரயிலுக்காக நிக்கல் நெடுஞ்சாலை அருகே தோண்டப்பட்ட பெரும் பள்ளம் சரிந்தது. நால்வர் மாண்டனர். அவர்களுள் ஒருவர், தம் கீழ்ப் பணிபுரிந்தோரை வெளியேற்றும் முயற்சியில் தாம் வெளியேறாமற்போன மேற்பணியாளர். ஒன்பது நாள் கழித்து ஃபியூஷனோபோலிஸ் கட்டுமானத் தளத்தில் நேர்ந்த மற்றொரு விபத்தில் இருவர் இறந்தனர். நிக்கல் நெடுஞ்சாலை விபத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு, வடிவமைப்பில் நேர்ந்த பிழைகளோடு, முன்கூட்டியே தென்பட்ட எச்சரிக்கை அறிகுறிகள் உரியவாறு மதிக்கப்படாததையும் எடுத்துக்காட்டியது. அங்கும் அறிகுறிகள் பேசின. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

இவ்விபத்துகளின் பின்னர்ப் பிறந்ததே வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். அது 2006ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. 2011 செப்டம்பர் முதல் எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்தது. முதலாளி, வேலையிடத்தைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர், குத்தகையாளரை அமர்த்துபவர், கருவியைச் செய்பவர், வழங்குபவர், ஊழியர் என ஒவ்வொருவர்க்கும் அது கடமை வகுக்கிறது. நிறுவனமொன்று முதன்முறை குற்றவாளியாகக் காணப்பட்டால் 5 லட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். தனிமனிதருக்கு 2 லட்சம் வெள்ளி வரை அபராதமும் ஈராண்டு வரை சிறையும் உண்டு. மலேசியாவிலும் 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, முதலாளிகள் தம் பொதுக்கடமையிலிருந்து தவறுவதற்கான உச்ச அபராதம் 2024 ஜூன் 1 முதல் 50 ஆயிரம் ரிங்கிட்டிலிருந்து 5 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது.

அபராதத் தொகைகளைவிட ஆழமானது, சிங்கப்பூர்ச் சட்டத்தில் அடங்கியுள்ள ஒரு சிறு கருத்து. ஒருவர்மீது சுமத்தப்பட்ட கடமை, அதே கடமை வேறொருவர்மீதும் சுமத்தப்பட்டிருப்பதனால் குறைவதில்லை என்பதே அது. 'உரிமம் பெற்ற மின்பணியாளரை அமர்த்திவிட்டேன். இனி என் பொறுப்பு இல்லை' என்று தலைமைக் குத்தகையாளர் கைகழுவ முடியாது. 'தலைமைக் குத்தகையாளர் பார்த்துக்கொள்வார்' என்று துணைக் குத்தகையாளர் ஒதுங்கவும் இயலாது. அறுவர் பொறுப்பாளராயின் ஆறில் ஒரு பங்கு ஆறு முறை அன்று. முழுக்கடமை ஆறு முறை. ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை. கடமையும் அத்தகையது. அப்பத்தைப் பங்கிடுவதுபோல் அதைப் பங்கிட நினைப்பதே பிழை.

'இயன்றவரை' என்னும் சொல்

கடமை முழுமையானது என்றால், அதற்கு எல்லையே இல்லையா? இவ்வினாவுக்குச் சட்டம் 'நியாயமான அளவில் நடைமுறைக்கு இயன்றவரை' என்னும் தொடரால் விடை கூறுகிறது. இத்தொடரின் பொருளை 1949ஆம் ஆண்டு இங்கிலாந்தில், தேசிய நிலக்கரி வாரியத்துக்கு எதிரான வழக்கொன்றில், நீதிபதி அஸ்குவித் விளக்கினார். சுரங்கப் பாதையின் பக்கம் சரிந்து ஒரு தொழிலாளி இறந்த வழக்கு அது. ஒரு தட்டில் இடரையும் மற்றொரு தட்டில் அதை நீக்குவதற்கான செலவு, காலம், தொல்லை ஆகியவற்றையும் வைத்து நிறுக்க வேண்டும். இடர் மிகச் சிறிதாகவும் செலவு அதனோடு ஒப்பிடவே இயலாதவாறு பெரிதாகவும் இருந்தாலன்றிக் கடமையிலிருந்து விடுதலை இல்லை என்பது அவ்விளக்கத்தின் கருத்து. இயலவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமையையும் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீதே இன்றைய சட்டங்கள் வைத்திருக்கின்றன.

இத்துலாக்கோலில் மின்சாரத்தின் இடரை வைத்துப் பார்த்தால் தட்டு எப்பக்கம் தாழும்? ஒரு தட்டில் ஓர் உயிர். மற்றொன்றில் ஒரு புதிய கம்பி, ஒரு துண்டிப்பான், அரைமணி நேர வேலை நிறுத்தம். பிரிட்டனின் கட்டுமானத் தளங்களில் கையடக்கக் கருவிகளுக்கு 110 வோல்ட் மின்சாரம் வழங்குவது நீண்டகால வழக்கம். மின்மாற்றியின் நடுப்புள்ளி நிலத்தோடு இணைக்கப்படுவதால், பழுதுபட்ட ஒரு கம்பியைத் தொட்டவருக்கும் நிலத்துக்கும் இடையே 55 வோல்ட்டுக்கு மேல் அமையாது. தொழிலாளியின் கவனம் ஒருகணம் தவறினாலும், வடிவமைத்தவரின் கவனம் அவரைக் காக்கிறது. சிங்கப்பூரிலும் 1 கோடி வெள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புள்ள கட்டுமானத் திட்டங்களில், வரைபடத்தின் நிலையிலேயே இடரைக் களைய வேண்டும் என்னும் விதிகள் 2016 ஆகஸ்ட் முதல் நடப்பில் உள்ளன. கடமை வேலையிடத்தின் வாயிலில் தொடங்குவதில்லை. வரைபவரின் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆகவே, மின்பாதுகாப்பைப் பொறுத்தவரை 'இயலவில்லை' என்னும் சாக்கு பெரும்பாலும் நிற்பதில்லை. குறைவது பொருளன்று. பின் எது குறைகிறது?

பொச்சாவாமை

திருக்குறளின் ஐம்பத்து நான்காம் அதிகாரத்துக்குப் 'பொச்சாவாமை' என்று பெயர். பொச்சாப்பு என்பது மறதி. அதுவும் எல்லா மறதியும் அன்று. எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்னும் மகிழ்ச்சியில் கடமையை நெகிழவிடும் மறதி. இவ்வதிகாரத்தை வள்ளுவர் இல்லறவியலிலோ துறவறவியலிலோ வைக்காமல், பொருட்பாலின் அரசியலில் வைத்திருப்பது கருதத்தக்கது. பிறருடைய உயிர் யாருடைய ஆணைக்குள் இருக்கிறதோ, அவருக்கு மறதி வெறும் குறைபாடன்று, அறத்தவறு. கட்டுமானத் தளம் ஒரு சிறிய அரசு. அங்கு ஆணையிடுவோர் அனைவர்க்கும் இவ்வதிகாரம் உரியது.

பிரிட்டனில் வேலையிடப் பாதுகாப்பை ஆராய்ந்த ராபன்ஸ் குழு 1972இல் வெளியிட்ட அறிக்கையும், விபத்துகளுக்கான காரணங்களுள் தலையாயது அக்கறையின்மையே என்று கண்டது. இன்றைய பல நாடுகளின் பாதுகாப்புச் சட்டங்களுக்கு அவ்வறிக்கையே வித்திட்டது. குறளும் குழுவின் அறிக்கையும் காலத்தாலும் இடத்தாலும் நெடுந்தொலைவில் நிற்பவை. எனினும், மனித மனத்தின் அதே மூலையையே இரண்டும் சுட்டுகின்றன. நூறு நாள் ஒட்டுநாடா தாங்கியது. நூற்றோராம் நாளும் தாங்கும் என்னும் நம்பிக்கையே பொச்சாப்பு.

விபத்து நேர்ந்தபின் 'தலைவிதி' என்று பெருமூச்சு விடுவதும் தமிழர்க்குப் பழக்கமானதே. வள்ளுவர் 'ஊழ்' என்றோர் அதிகாரம் வகுத்தார் என்பது உண்மை. ஆயினும் அவரே 'ஆள்வினையுடைமை' என்று முயற்சியின் பெருமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். இழந்தவர் தம் துயரை ஆற்றிக்கொள்ள விதியை நினைக்கலாம். அது அவருக்கு ஆறுதல். காக்கத் தவறியவர் விதியைச் சுட்டுவாராயின் அஃது ஆறுதலன்று, தப்பித்தல்.

தொழிலாளியின் பங்கு

ஒவ்வொருவர்க்கும் முழுக்கடமை உண்டு எனில், உயிரிழந்த தொழிலாளியும் மற்ற அறுவரைப்போலவே பொறுப்பாளர் அல்லரோ என்று கேட்கலாம். இக்கேள்வி நேர்மையானது, இதைத் தவிர்த்துச் செல்லல் ஆகாது. ஊழியருக்கும் சட்டம் கடமை வகுத்திருக்கிறது. தரப்பட்ட பாதுகாப்புக் கருவியைப் பயன்படுத்த வேண்டும். தம்மையும் பிறரையும் வேண்டுமென்றே இடருக்கு உள்ளாக்கலாகாது. துண்டிப்பானைச் சுற்றி வழி அமைத்தவர் ஒரு தொழிலாளியாயின், ஏழைமை அவரது தவற்றை அழித்துவிடாது.

ஆனால், முழுமை வேறு, சமம் வேறு. கடமையின் அளவு, அவரவர் கையில் உள்ள ஆற்றலின் அளவு. மேலாளரால் வேலையை நிறுத்த முடியும். கம்பி வாங்க முடியும். தொழிலாளியால் இயன்றது சொல்லுதல் ஒன்றே. அந்தச் சொல்லும் எளிதன்று. தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் கடன்பட்டு வந்து சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களில் உழைப்போர் பலர். இந்தக் கம்பி சரியில்லை என்று சொன்னால் வேலை போய்விடுமோ, அனுமதி நீங்கி ஊர் திரும்ப நேருமோ என்னும் அச்சம் அவர்களுடைய நாவைக் கட்டுகிறது. அதிகாரிகளின் உதவியை நாடியதற்காக ஊழியரைப் பணிநீக்கம் செய்யலாகாது என்று சட்டம் தடுத்துள்ளது. எனினும், தாளில் உள்ள காப்பு தொழிலாளியின் நெஞ்சில் துணிவாக மாறுவதற்கு மேலுள்ளோரின் நடத்தையே வழி. முதலில் குறை சொன்னவருக்கு நன்றி கூறிய தளத்தில் இரண்டாமவரும் வாய்திறப்பார். கடிந்துகொண்ட தளத்தில் துண்டிப்பானைப் போலவே மனிதரும் வாய்மூடப்படுவர்.

இங்கே மொழிக்கும் ஒரு பங்குண்டு. விளங்காத மொழியில் தரப்படும் எச்சரிக்கை எச்சரிக்கையாகாது. தமிழ்த் தொழிலாளிக்காக எழுதப்படும் பாதுகாப்பு அறிவிப்பு பிழை மலிந்து, பொருள் குழம்பி நிற்குமாயின், அதை எழுதியவரும் அந்தக் கிழிந்த கம்பியின் ஒரு பகுதிதான். சொல்லைத் தெளிவாக்குவது புலமைக்கு மட்டும் உரிய பணியன்று. சில இடங்களில் அஃது உயிர்காக்கும் பணி.

பூட்டும் சாவியும்

மின்பராமரிப்பில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஓர் இணைப்பைப் பழுதுபார்க்குமுன் அதன் முதன்மை விசையை அணைத்துப் பூட்டிவிடுவர். அவ்விணைப்பில் நால்வர் வேலை செய்வார்களாயின், பல துளைகள் கொண்ட ஒரு கொக்கியில் நால்வரும் தனித்தனியே தம் பூட்டைப் பூட்டுவர். ஒவ்வொரு பூட்டிலும் பெயர் எழுதிய அட்டை தொங்கும். சாவி அவரவர் சட்டைப்பையில் இருக்கும். மூவர் தம் பூட்டைக் கழற்றிவிட்டாலும் நான்காம் பூட்டு இருக்கும்வரை மின்சாரம் வராது. எத்துணைப் பெரிய மேலாளர் அவசரப்படுத்தினாலும், உள்ளே இருப்பவர் வெளியே வந்து தம் கையால் திறந்தாலன்றி விசையை ஏற்றலாகாது.

மேலே கூறிய தத்துவம் முழுவதையும் இந்த எளிய ஏற்பாடு தன்னுள் கொண்டிருக்கிறது. ஒரு பூட்டின் நான்கில் ஒரு பங்கை யாரும் பூட்டுவதில்லை. ஒவ்வொருவரும் ஒரு முழுப் பூட்டைப் பூட்டுகிறார்கள். ஒருவர் பூட்டியிருக்கிறார் என்பதனால் மற்றவர் பூட்டாமல் இருப்பதுமில்லை. தம் பூட்டு தம்மைக் காப்பதோடு, தமக்கருகில் பணிபுரிபவரையும் காக்கிறது.

சட்டம் பெரும்பாலும் இறப்புக்குப் பின் வருகிறது. விசாரணை, அபராதம், இழப்பீடு ஆகிய யாவும் நிகழ்ந்ததை எழுதிவைப்பவையே. நிகழ்ந்ததை மாற்றுபவை அல்ல. இறப்புக்கு முன் வரக்கூடியது ஒன்றே: 'பிறர் பார்த்துக்கொள்வார்' என்னும் எண்ணம் எழும் அந்தக் கணத்தில், 'பார்க்க வேண்டியவன் நானே' என்று ஒருவர் நின்று திரும்பும் செயல். கிழிந்த கம்பியைக் கண்ட மேற்பார்வையாளர் அன்று காலையிலேயே அதைப் பிடுங்கி அகற்றியிருந்தால், மற்ற ஐவரின் தவறுகளும் ஓர் உயிரைப் பறித்திருக்கமாட்டா. அறுவருள் எவரேனும் ஒருவர் தம் கடமையை முழுமையாகச் செய்திருந்தாலே போதும். அத்தொழிலாளி மாலையில் கை கழுவி, ஊருக்குத் தொலைபேசியில் பேசி, வழக்கம்போல் உறங்கச் சென்றிருப்பார். யாருடைய கவனத்தால் தாம் பிழைத்தோம் என்பதை அவர் அறிந்திருக்கவும் மாட்டார். அவ்வாறு அறியப்படாமலே ஆற்றப்படும் கடமையே அறம்.